கழிவுப் பட்டியலில் எங்கள் மலை

பழைய நிலப்படங்களைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துக் கையெழுத்திட்ட அலுவலர் அவர்களுக்கும், அந்தப் பட்டியலுக்கு ஒப்புதல் தரவேண்டிய மேலதிகாரிகளுக்கும்,

உங்கள் அலுவலகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளர் தலையில்தான் விடியும். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்கு முறை போனபோதும் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னவர் அவர். என் கோபமெல்லாம் அந்த முடிவின் மேல்தான்.

ஏலத்துக்குப் போகவிருக்கும் பொருட்களின் பட்டியலை உங்கள் ஆவண அறை வாசலில் ஒட்டியிருந்தீர்கள். உடைந்த நாற்காலிகளுக்கும் பழுதான தட்டச்சுப் பொறிகளுக்கும் நடுவே ஒரு வரி இருந்தது: "பழைய மேப்புகள், துணி ஒட்டியவை, கிழிந்தவை, ஒரு கட்டு, பயன்பாடற்றவை." அந்தக் கட்டுக்குள் 58 எச்/6 என்று எண்ணிட்ட தாள் ஒன்று இருக்கிறது. அதன் சான்றிட்ட நகலைக் கேட்டுத்தான் நான் மனு போட்டிருந்தேன். எனக்கு வந்த பதிலும் அதே சொல்தான்: "பயன்பாடற்றது, கழிவு செய்யப்பட உள்ளது." இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோர் பார்வைக்கும் இந்த மடல்.

அந்தத் தாள் என்ன என்று முதலில் சொல்கிறேன். உங்களில் பலர் அதை விரித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன்.

1905க்குப் பிறகு இந்த நாட்டை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் புதிதாக அளந்து, பல வண்ணத்தில் அச்சிட ஆரம்பித்தார்கள். ஒரு மைலில் 63,360 அங்குலம். அதனால் அந்தப் படங்களின் அளவு 1:63,360. நிலத்தை நாலு டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். நம் திருநெல்வேலிச் சீமை 58ஆம் கட்டத்தில் விழுகிறது. அதைப் பதினாறாக வெட்டினால் நமக்கு வருவது எச். அந்த எச் கட்டத்தையும் பதினாறாக வெட்டினால் ஆறாவது தாளில் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சிங்கம்பட்டி, அவற்றுக்கு மேற்கே மலை. தரையில் ஏறக்குறைய 17 மைலுக்கு 17 மைல். காகிதத்தில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். பொதிகை உச்சி அதன் மேற்கு விளிம்பை ஒட்டி நிற்கிறது.

நான் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மேல்நிலை வகுப்புச் செய்முறைக்கு டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் படம், வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்ததோ எங்கோ வடக்கே ஒரு ஊரின் தாள். பிள்ளைகள் பார்த்தே அறியாத பனிமலையின் சமஉயரக் கோடுகளை, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகளை, மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். 1984இல் உங்கள் அலுவலகத்தில் அப்போது இருந்த ஒரு பெரியவர், தலைமையாசிரியரின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இந்தத் தாளை மூன்று நாள் இரவல் கொடுத்தார். துணியில் ஒட்டி எட்டாக மடித்தது. விரித்ததும் கற்பூர வாசனை. வகுப்பில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு விரித்தோம். பிள்ளைகள் சத்தமே போடவில்லை. ஒரு பையன் மட்டும் விரலை வைத்து, "டீச்சர், இது எங்க பொத்தை!" என்றான்.

அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப் பாறைக் குன்றைத்தான் பொத்தை என்றான். பழுப்பு நிறக் கோடுகள் வட்டம் வட்டமாகச் சுற்றி, நடுவில் அடிக்கணக்கில் ஓர் உயரம் எழுதியிருந்தது. அந்த மூன்று நாளில் சமஉயரக் கோடு என்றால் என்ன என்று நான் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்தில் அணைகள் கிடையாது. 143 அடி பாபநாசம் அணை இல்லை. 1958இல் வந்த 118 அடி மணிமுத்தாறு இல்லை. சேர்வலாறு அணையை நாங்கள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்; 1986இல் முடிந்தது. இன்று நீலப் பரப்பாக நிற்கும் இடத்தில் அந்தப் படத்தில் தாமிரபரணி ஒற்றைக் கோடாக, வளைந்து நெளிந்து இறங்கி வருகிறாள். பேயாறும் உள்ளாறும் பாம்பாறும் காரையாறும் சேர்வலாறும் அவளோடு சேர்ந்த இடங்களும், பிறகு அணைத் தண்ணீருக்குள் போன தரையும் முன்னால் எப்படிக் கிடந்தன என்று அடிக்கணக்கில் காட்டுகிற படம் அது. மாஞ்சோலைத் தேயிலை இல்லை. சிங்கம்பட்டி ஜமீன் அந்த மலையில் 8,000 ஏக்கருக்கும் மேல் 99 வருஷக் குத்தகைக்கு விட்டது 1929இல்தான். இந்தத் தாளில் அங்கே பச்சை மட்டும்தான் இருக்கிறது. அந்தக் குத்தகை 2028இல் முடிகிறது. தேயிலையை எடுத்துவிட்டுக் காட்டை மீட்டெடுப்பதைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோம். எந்த ஓடை எந்தப் பள்ளத்தில் ஓடியது என்று பார்க்க அப்போது எந்தத் தாளை விரிக்கப் போகிறோம்?

சொல்லவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பலகை தூக்கியவர்களில் என் தாத்தாவும் ஒருவர்.

நான் அவரைப் பார்த்ததில்லை. ஆச்சி சொல்லிக் கேட்டதுதான். மூன்று கால் வைத்த பலகை, அதன் மேல் தாள், பித்தளைப் பார்வைக்கோல், கொடி கட்டிய மூங்கில். இவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டும். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை குமரி வரை வந்து சேர்ந்திருந்ததால், பல உச்சிகளின் இடம் ஏற்கெனவே கணக்கில் இருந்தது. இடம் தெரிந்த மூன்று உச்சிகளைப் பார்த்துப் பலகையில் மூன்று கோடு இழுத்தால், மூன்றும் வெட்டும் புள்ளிதான் நாம் நிற்கும் இடம். உச்சி தெரியவில்லை என்றால் மரத்தில் ஏறிக் கிளையை வெட்ட வேண்டும். ஏறியது என் தாத்தா மாதிரி ஆட்கள். ஆச்சி "சர்வே துரை" என்றுதான் சொல்வாள். ஆனால் பலகைக்கு முன்னால் நின்று வரைந்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு ஆட்கள்தான். வழி காட்டியவர்கள் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள். தாத்தா ஒரு மழைக்காலம் முழுக்க மலைக்காய்ச்சலில் கிடந்தாராம். கூலியில் ஆச்சியின் காதுக்கு ஒரு ஜோடிப் பாம்படம் எடுத்தாராம். அந்தப் பாம்படம் இப்போது இல்லை. அந்தப் படம் மட்டும் உங்கள் அறையில் இருக்கிறது.

வெள்ளைக்காரன் தன் வரிக்கும் மரத்துக்கும் பட்டாளத்துக்கும் போட்டுக்கொண்ட படம்தானே என்று என் மாணவர்களே கேட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனாலும் அதில் பதிந்திருக்கும் பாதைகள் நம்மவர்கள் நடந்த பாதைகள். அவை வேறு எந்த அரசுப் பதிவிலும் அதற்குப் பிறகு முழுதாக வரவில்லை.

சரி, இப்போது நான் ஏன் நகல் கேட்டேன் என்பதற்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்துக் குலதெய்வமான சாஸ்தா காட்டுக்குள் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருவார்கள். எங்கள் கோயிலுக்குக் கோபுரம் இல்லை. ஓடைக்கரையில் ஒரு மருத மரம், அதன் கீழே சாஸ்தா, கொஞ்சம் தள்ளிச் சுடலையின் பீடம். ஊரிலிருந்து குளத்தாங்கரை வழியாகப் போய், பொத்தையைச் சுற்றி, ஓடையை இரண்டு இடத்தில் தாண்டினால் ஒன்றரை மணி நேர நடை. போனோம், பொங்கலிட்டோம், பொழுது சாயுமுன் திரும்பினோம். என் மாமியார் காலத்திலும் அப்படித்தான், என் காலத்திலும் அப்படித்தான்.

இந்த ஆண்டு வனத்துறைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். நின்றவர் மரியாதையாகத்தான் பேசினார். கையில் இருந்த கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "அம்மா, நீங்க சொல்ற எடத்துல பாதையும் இல்ல, கோயிலும் இல்ல. எந்தப் படத்துலயும் இல்லாத எடத்துக்கு நான் எப்படி விடுறது? ஏதாவது ஆவணம் இருந்தா கொண்டாங்க." எண்பது வயதைத் தாண்டிய எங்கள் பெரியப்பா பொங்கல் பானையைத் தரையில் வைத்துவிட்டு அந்தக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். சாவடி ஓரத்திலேயே அடுப்பு மூட்டினோம். காட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பெரியப்பா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

ஆவணம் இருக்கிறது. 58 எச்/6 தாளில் அந்தப் பாதை சின்னச் சின்ன வெட்டுக்கோடாகப் போகிறது. ஓடையை இரண்டு இடத்தில் தாண்டுகிறது. முடிகிற இடத்தில் கோயில் குறி. 1984இல் நான் டிரேசிங் காகிதத்தில் அதைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் ஓர் ஆசிரியை கையால் வரைந்த படியை யார் சான்றாக எடுத்துக்கொள்வார்கள்? மூலம் உங்களிடம் இருக்கிறது. அதில் உங்கள் முத்திரை வேண்டும். அதைக் கேட்டுத்தான் வந்தேன்.

அந்தத் தாளில் அச்சானது மட்டும் இல்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். உங்கள் அலுவலகத்தில் எப்போதோ வேலை பார்த்த யாரோ ஒருவர், ஊதா மையில், பொடிப் பொடியான கையெழுத்தில், ஆங்கிலப் பெயர்களுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார். இதன் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் ல, ள வேறுபாடு தெரியாது. ர, ற தெரியாது. ழகரம் எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. குளமா, குழமா, கொலமா என்று நாம் விழித்துக்கொண்டு நிற்கும் இடங்களில், ஊரைச் சுற்றி நடந்து, ஆட்களைக் கேட்டு, அவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் மேற்கே ஒரு வளைவில் "கசம், ஆழம்" என்று எச்சரிக்கைகூட இருக்கிறது. அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது. யாரும் அவரை எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள். "வேறு எங்காவது பிரதி இருக்கும்" என்று உங்கள் பதிலில் ஒரு வரி இருந்ததே, அந்த ஊதா மை எழுத்துள்ள பிரதி வேறு எங்கும் இருக்காது.

அச்சுப் பிரதி வேறு இடத்தில் கிடைக்கலாம். எழும்பூரில் 1909 முதல் ஆவணக் காப்பகம் இயங்குகிறது. வெளிநாட்டு நூலகங்களிலும் இப்படிப்பட்ட தாள்கள் உண்டு. ஆனால் மயிலாற்றிலிருந்தோ இஞ்சிக்குழியிலிருந்தோ ஒரு காணிக்காரப் பெரியவர் எழும்பூருக்குப் போய்ப் படம் தேட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? இஞ்சிக்குழி ஆட்கள் கீழே வருவதற்கே அணைத் தண்ணீரைத் தாண்ட வேண்டும்.

போன வருஷம் அப்படி ஒரு பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். பேத்தியின் படிப்பு விஷயமாக வந்தவர். திண்ணையில் என் டிரேசிங் படி விரித்துக் கிடந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஆற்றுக் கோட்டில் விரலை வைத்து மேலே மேலே நகர்த்திக்கொண்டே போனார். இரண்டு கோடுகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் விரல் நின்றது. ஒரு பெயர் சொன்னார். படத்தில் பெயரே இல்லாத ஓடைகளுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. ஓர் இடத்தில் விரலை எடுக்கவே இல்லை. "இதுல எறங்கித்தான் எங்க அப்பன் நடந்தது. இப்ப அது தண்ணிக்குள்ள கெடக்கு. நீங்க எப்படிம்மா வரஞ்சீங்க?" என்றார். நான் வரையவில்லை, உங்கள் பாட்டன் வழிகாட்ட, என் பாட்டன் பலகை தூக்க, யாரோ வரைந்தது என்றேன். அவர் சொன்ன பெயர்களை அன்றே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இருபத்தேழு பெயர்.

இந்த மாதிரிப் படத்துக்கு என்ன பயன் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்துக்கான விதிகளில் 13ஆவது விதியைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். உரிமை கோருவோர் காட்டக்கூடிய சான்றுகளில் கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நிலஅளவை அறிக்கைகள் இவற்றோடு வரைபடங்களும் பெயர் சொல்லி வைக்கப்பட்டிருக்கின்றன. மூத்தோர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் அந்த வரிசையில் உண்டு. பழங்குடி அல்லாத மற்ற வனவாசிகள் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். கணக்குப் போட்டால் 1930க்குப் போகிறோம். 1930க்கு முன்னால் இந்த மலையில் யார் எங்கே குடிசை போட்டிருந்தார்கள், எங்கே நடந்தார்கள் என்று காட்ட ஏழைகளிடம் என்ன காகிதம் இருக்கும்? அவர்களிடம் இல்லாத காகிதம் உங்கள் அறையில் இருக்கிறது. ஒரு சட்டம் சான்றாக ஏற்கச் சொல்லும் பொருளை இன்னோர் அலுவலகம் கிலோ கணக்கில் போடுவது எப்படிச் சரியாகும்?

அந்தப் படம் எங்களுக்குச் சாதகமாக மட்டும் பேசும் என்று நினைத்து நான் எழுதவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தச் சீமையில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆற்றுத் தண்ணீர் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்தது. எங்கள் மலையடியில் ஆறு வருவதற்கு முன்னாலேயே ஓடைகள் வந்துவிட்டன. பிளாட் போட்டு விற்ற இடத்தில், ஓடையே இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த தெருவில், இடுப்பளவு தண்ணீர். விடிந்ததும் என் டிரேசிங் படியை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தெரு இருக்கும் இடத்தில் ஒரு நீலக்கோடு. அது போய்ச் சேருமிடத்தில் ஒரு குளம், கரை, நிரம்பிய தண்ணீர் வெளியேறும் மறுகால் எல்லாம் இருக்கின்றன. அந்தக் குளத்தின் மேலக்கரையோரம், தண்ணீர் பிடிக்கும் பகுதிக்குள், இன்று என் தம்பியின் வீடு நிற்கிறது. பட்டா வாங்கி, கடன் வாங்கிக் கட்டிய வீடு. அன்று இரவு அவன் பிள்ளைகளை மச்சில் ஏற்றி உட்கார வைத்திருந்தான். ஆக, அந்தப் படம் எங்கள் குடும்பத்துக்கு எதிராகவும் சாட்சி சொல்லும். சொல்லட்டும். பிளாட் வாங்கும்போதே அதைப் பார்த்திருந்தால் தம்பி அந்த இடத்தை வாங்கியிருக்க மாட்டான். அடுத்த மழைக்கு முன்னால் மறுகால் பாதையையாவது திறந்துவிடலாமே என்று இப்போது ஊரில் பேசுகிறோம். பேச்சு எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? "பழைய படத்துல என்ன இருக்கு?" என்றுதான்.

உங்கள் பக்கத்துக் காரணங்களையும் நான் யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம் என்கிறீர்கள். அந்த ஸ்கேனை எனக்குக் காட்டினார்கள். மடிப்புகளை நீவாமல், டியூப்லைட் வெளிச்சம் அடிக்க, எடுத்த படம். சமஉயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழுப்பு. உயர எண்களைப் படிக்க முடியவில்லை. ஊதா மை எழுத்து சுத்தமாக விழவில்லை. சாட்டிலைட் படம் இருக்கிறதே என்கிறீர்கள். சாட்டிலைட் இன்றைய மரத்தின் தலையைக் காட்டும். அதன் கீழே கிடக்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டாது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஆறு ஓடிய தடத்தையும் காட்டாது. பழைய படத்தில் பிழை இருக்கும் என்கிறீர்கள். இருக்கிறது, நானே சிலவற்றைக் கண்டிருக்கிறேன். பிழை இருப்பதால்தான் மூலத்தை வைத்துக்கொண்டு புதிய படத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக் காரணம் என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். 2021 பிப்ரவரியில் மத்திய அரசே நிலப்படத் தரவுகளின் மேலிருந்த பழைய கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றைத் தளர்த்திவிட்டது. அதுவும் போக, ரகசியம் என்றால் அதைப் பழைய காகிதக் கடைக்கு அனுப்ப மாட்டீர்கள் அல்லவா?

இடம் இல்லை என்கிற காரணம் மட்டும் எனக்குப் புரிகிறது. அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். கூரை ஒழுகுகிறது, அலமாரி போதவில்லை, அதைக் கவனிக்க ஆளும் இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. எங்களிடம் சொல்லியிருந்தால் ஊரே சேர்ந்து ஓர் இரும்புப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கும். இப்போதும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

காட்டைத் திறந்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1988இல் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது வகுப்பில் சந்தோஷமாக அறிவித்தவள் நான். அந்தக் காடு இல்லாவிட்டால் ஆறு இல்லை, ஆறு இல்லாவிட்டால் கோடைமேலழகியான் கால் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஒரு வயலும் இல்லை. சாஸ்தாவுக்குத் தார்ச்சாலை வேண்டாம், லைட் வேண்டாம், கட்டடம் வேண்டாம். வருஷத்தில் ஒரு நாள், கால்நடையாக, பிளாஸ்டிக் இல்லாமல் போய்வர ஒரு பழைய பாதை. அது இருந்தது என்று சொல்லும் ஒரு காகிதம். இதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்.

ஆகவே கேட்கிறேன்.

முதலில் அந்தக் கட்டை ஏலப் பட்டியலிலிருந்து எடுங்கள். இதற்குக் குழு கூட வேண்டியதில்லை, மேலிடத்து உத்தரவும் வேண்டியதில்லை. பட்டியலில் இன்னும் ஒப்புதல் கையெழுத்து விழவில்லை என்று அறிகிறேன். ஒரு வரியை அடித்தால் போதும். எடுத்துவிட்டதாக எழுத்தில் தெரிவியுங்கள். 58 எச்/6 மட்டும் போதாது. அதே கட்டில் குற்றாலப் பக்கத்துத் தாளும் களக்காட்டுப் பக்கத்துத் தாள்களும் இருக்கக்கூடும். கட்டைப் பிரித்து, என்னென்ன தாள்கள், எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஏலப் பட்டியல் ஒட்டிய அதே இடத்தில்.

அப்புறம், அவற்றை ஒழுங்காக ஸ்கேன் செய்ய வேண்டும். மடிப்பு நீவி, கண்ணாடிக்குக் கீழ் வைத்து, உயர எண்ணும் ஊதா மையும் தெளிவாகப் படிக்கிற மாதிரி. அந்தக் கோப்பு யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளக் கிடைக்க வேண்டும். மூலத்தை உங்களால் வைத்துக்கொள்ள முடியாது என்றால் காப்பகத்துக்கு முறைப்படி ஒப்படையுங்கள். ஒப்படைத்த ரசீதின் நகல் எங்களுக்கு வேண்டும்.

சான்றிட்ட நகல் கேட்டு நான் போட்ட மனுவைத் திரும்ப எடுத்து, நகலைக் கொடுங்கள். எனக்கு மட்டும் கொடுத்தால் போதாது. காணிக் குடியிருப்புகளின் கிராம சபைகளுக்கும் வன உரிமைக் குழுக்களுக்கும் அவர்கள் கேட்காமலேயே ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். இப்படி ஒரு படம் இருக்கிறது என்பதே தெரியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

கடைசியாக ஒன்று. இது உங்கள் கடமைப் பட்டியலில் இருக்காது, ஆனாலும் கேட்கிறேன். அந்தப் படத்தில் உள்ள பெயர்களையும் ஊதா மையில் உள்ள பெயர்களையும் மலையில் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்து, தமிழில் ஒரு பெயர்ப் பட்டியல் தயாரிக்க ஒரு சர்வேயரைப் பத்து நாள் அனுப்புங்கள். நானும் வருகிறேன். எனக்கு முட்டிவலி உண்டு. மெதுவாக நடப்பேன், ஆனால் நடப்பேன். இருபத்தேழு பெயர் என் நோட்டில் இருக்கிறது. அவற்றைச் சொன்ன பெரியவருக்கு இப்போது கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. அதனால் அடுத்த மழைக்குள் இதைத் தொடங்க வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, 1984இல் வரைந்த டிரேசிங் படியை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வருவேன். பெரியப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டைப் பிரித்து அந்தத் தாளை மேசையில் விரித்து வையுங்கள். அவருக்குப் பாதையைக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்
மேற்கு மலையடிவாரம், திருநெல்வேலி மாவட்டம்